வெர்னாவுக்குக் கால் குளிர்ந்தது

அட, அந்த வெள்ளக் கையுறையக் கழட்டு கண்ணு. எனக்குச் சிரிப்பா வருது. ஏதோ புனிதரோட எலும்பத் தொடுற மாதிரி ரெண்டு விரலால தூக்குற. அது வெறும் ஆட்டுத்தோல் பூட்ஸு. ஒரு காலத்துல மேட்டுல நின்னு கத்திக்கிட்டிருந்தது. நான் இத்தன வருசமா வெறுங்கையாலதான் தூசி தட்டுறேன். அதுக்கும் ஒண்ணும் ஆகல, எனக்கும் ஒண்ணும் ஆகல. மியூசியத்துல ரூலா? ரூலுன்னா சரி, போட்டுக்க. கேக்கு திங்கும்போதாவது கழட்டு, தேங்காப்பூ ஒட்டிக்கும்.

உக்காரு. அந்த நாற்காலி வேணாம், ஸ்பிரிங்கு குத்தும். ஆங், அதுல உக்காரு.

யாரு, கிளெம்மா? என் வீட்டுக்காரரு உள்ள ரூம்லதான் படுத்திருக்காரு. நீ எதுக்கு இப்படிக் குசுகுசுன்னு பேசுற? தூங்கல, முழிச்சிட்டுத்தான் இருக்காரு. ரெண்டு வருசம் ஆச்சு பக்கவாதம் வந்து. வலது கை போச்சு, வலது காலு போச்சு, பேச்சு சுத்தமா போச்சு. ஆனா காதும் புத்தியும் அப்படியே இருக்கு, ஒரு குறையும் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரு. இங்க ஸ்பூன் விழுந்தா அங்க கேக்கும். கேக்கட்டுமே, அவரோட வரலாறுதானே எழுதப் போற. கிளெம்! மெல்பர்ன்லேருந்து மியூசியத்துப் பொண்ணு வந்திருக்கு! உங்களப் பத்தித்தான் பேசப் போறோம்!

பாத்தியா, சத்தமே இல்ல. ரொம்ப சந்தோசம்னு அர்த்தம்.

மிஷினு ஓடுதா? அந்தச் செவப்பு லைட்டு எரிஞ்சா ஓடுதுன்னு அர்த்தமா? சரி. மொதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். இந்த பூட்ஸ மொதமொதல்ல கண்டுபிடிச்சது கிளெம் ஹாடோதான்னு எழுதி கண்ணாடிப் பெட்டியில வச்சீங்கன்னா, ஊர் சிரிக்கும். இந்த நாட்டுல ஆடு வந்து எறங்குன அன்னைக்கே எவனோ ஒருத்தன் தோல எடுத்துக் கால்ல சுத்திக்கிட்டிருப்பான். ஆட்டுக்கு மயிர் வெட்டுற கொட்டாயில நிக்கிறவனுங்க அதத்தான் செஞ்சானுங்க. கம்பளிக் கொழுப்பு பட்டா நல்ல பூட்ஸு நாலு மாசத்துல இத்துப் போயிடும், இந்தத் தோல ஒண்ணும் பண்ணாது. அப்புறம் சண்டையில ஏரோப்ளேன் ஓட்டுனவனுங்க, மேல போனா விரலு வெறச்சுப் போகும்னு இதையேதான் முட்டி வரைக்கும் மாட்டிக்கிட்டானுங்க. கடலோரத்துல எந்த ஊருக்கு வேணா போ, நான்தான் மொத ஆளுன்னு ஒரு கெழவன் உக்காந்திருப்பான். மேற்குக் கரையில ஒருத்தன், சிட்னி பக்கம் ரெண்டு மூணு பேரு. அவனுங்ககிட்ட எல்லாம் பூட்ஸு இருக்கு. எங்ககிட்ட கத இருக்கு. அதுக்குத்தானே இம்புட்டு தூரம் வண்டிய ஓட்டிக்கிட்டு வந்த.

இரு இரு, உன் காலக் காட்டு. அதென்ன போட்டிருக்க? எவ்வளவு குடுத்த? ஐயோ பாவம். விரல உள்ள விட்டுப் பாரு. மயிரு தனியா, தோலு தனியா, நடுவுல பசை. ஒரே தோலா இருக்கணும் கண்ணு. வெளிப்பக்கம் தோலு, உள்பக்கம் அதுலயே மொளச்ச கம்பளி. உன்னுது ஆடே இல்ல. ஏதோ சோபாவோட தோல உரிச்சிருக்கானுங்க.

கோவிச்சுக்காத. கேக்கு எடுத்துக்க.

கத உனக்குத் தெரியும்ல? தெரியாதவங்க உண்டா. டப்பாவுலயே அச்சடிச்சிருக்கே. ஆனாலும் நான் சொல்லிக் கேக்கணும், அப்படித்தானே? சரி, மேடையில சொல்ற மாதிரியே சொல்றேன். அறுபத்தி ரெண்டாம் வருசம். கல்யாணம் ஆன மொத குளிர்காலம். ஜீலாங் பக்கத்துல தோல் பதனிடுற ஆலை, அதுக்குப் பின்னாடி தகரக் கூரை போட்ட வீடு. தெக்கேருந்து காத்து, அண்டார்டிகாவுலேருந்து நேரா எங்க படுக்கைக்கு வர்ற மாதிரி அடிக்கும். புதுப் பொண்டாட்டி வெர்னாவுக்குக் காலு ஐஸ்கட்டி. படுக்கையில புருசன் கால்ல தெரியாம பட்டுட்டா, அவரு துள்ளி எந்திரிப்பாரு. பாவம், பொண்டாட்டி குளிருல நடுங்குறாளேன்னு ஒரு நாளு எந்திரிச்சுப் போயி, கொட்டாயில ஒரு தோல எடுத்து, சாக்கு தைக்கிற ஊசியால கையாலயே தச்சு, விடிஞ்சதும் அவ கால்ல மாட்டிவிட்டாரு. வெர்னாவுக்குக் கால் குளிர்ந்தது, அதனால உலகத்துக்கே கதகதப்பு. முடிஞ்சுது. கை தட்டு.

பாரு, உனக்கே கண்ணு கலங்குது. எல்லாருக்கும் கலங்கும் கண்ணு. கடையில பொம்பளைங்க மூக்க உறிஞ்சிக்கிட்டே ரெண்டு ஜோடி வாங்குவாளுங்க. கூட வந்த புருசன்மாரப் பாத்து ஒரு முறை முறைப்பாளுங்க பாரு, எனக்கு அதப் பாக்கத்தான் பிடிக்கும்.

வியாபாரமா? ஆரம்பத்துல ஒரு பய சீண்டல. மாமியா வந்து பாத்துட்டு, கால்ல செத்த ஆடு ரெண்ட இழுத்துக்கிட்டு நடக்குறியேடின்னா. பாருக்குள்ள விடமாட்டான். வாசல்லயே பலகை வச்சிருப்பான், செருப்பு போட்டவனும் இந்த பூட்ஸு போட்டவனும் உள்ள வராதன்னு. சர்ச்சுக்குப் போட்டுப் போனா பாதிரியாரு கண்ணு கீழயே நிக்கும். மழையில நனைஞ்சா ஒரு வாடை வரும் பாரு, வீட்ட விட்டே ஓடணும். இதுக்கு அக் பூட்ஸுன்னு பேரு வந்ததே, இங்கிலீசுல அக்ளின்னா அசிங்கம், அதச் சுருக்கித்தான்னு சொல்லுவாங்க. அப்புறம் கடல்ல பலகைய வச்சு அலையில ஏறுற பசங்க வந்தானுங்க. ஜூலை மாசக் குளிருல தண்ணியில கெடந்துட்டு, ஒதடு நீலமா, பல்லு தட தடன்னு ஆடிக்கிட்டு வருவானுங்க. இவரு வண்டிய மணலுக்குப் பக்கத்துல நிறுத்தி, பின்கதவ எறக்கிவிட்டு, ஈரக் காலோட உள்ள விடுங்கடா பசங்களாம்பாரு. ஒருத்தன் போட்டுட்டா அவனுக்குக் கழட்ட மனசு வராது. அப்படித்தான் பரவுச்சு. அந்தப் பசங்கள்ல அமெரிக்காக்காரனும் இருந்தான், அவன் ஒரு மூட்டை கொண்டு போனான். அப்புறம் அங்க நடிகைங்க கால்ல ஏறுச்சு. அப்புறம் எங்க ஊரு பாருக்காரன் பொண்டாட்டியே ரோஸ் கலர்ல ஒண்ணு வாங்கிட்டுப் போனா. அந்த அக்குங்கிற பேரு யாருக்குச் சொந்தம்னு கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெரிய சண்டையெல்லாம் வந்துச்சே, உனக்குத் தெரிஞ்சிருக்கும். எங்களுக்கு ஒண்ணும் ஆகல. எங்க டப்பாவுல அந்தப் பேரே கெடையாது. வெர்னாஸ். என் பேரு. மனுசன் பொண்டாட்டி பேர வச்சிருக்காருன்னு அதுக்கும் பொம்பளைங்க மூக்க உறிஞ்சுவாளுங்க.

ஐஸ் தண்ணியா? அதுவும் தெரியுமா உனக்கு? போட்டோ இருக்கா உங்ககிட்ட? அப்ப நீயே பாத்திருப்ப. வருசா வருசம் விவசாயக் கண்காட்சியில எங்களுக்கு ஒரு மேடை. ஒரு பக்கம் பரிசு வாங்குன காளை, இன்னொரு பக்கம் ஜாம் போட்டி, நடுவுல நான். ஸ்டூல்ல உக்காத்தி வச்சு, தகரத் தொட்டியில ஐஸ்கட்டியப் போட்டு, அதுல என் ரெண்டு காலும். இவரு மைக்கப் பிடிச்சுக்கிட்டு, பாருங்க ஜனங்களே, என் வெர்னாவோட காலப் பாருங்க, நீலமாயிடுச்சா இல்லையாம்பாரு. கூட்டத்துல ஒருத்தர மேல கூப்பிட்டுத் தொட்டுப் பாக்கச் சொல்லுவாரு. அவங்க ஐயோம்பாங்க. அப்புறம் மண்டி போட்டு உக்காந்து தொடச்சு, பூட்ஸ மாட்டிவிடுவாரு. நான் ஆஹாங்கணும். சரியா ஆஹாங்கலைன்னா வீட்டுக்கு வந்து சொல்லுவாரு, இன்னைக்கு உன் ஆஹாவுல உசுரு இல்ல வெர்னான்னு.

என்ன கிளெம், சரியாச் சொல்றேனா?

வலிக்கும் கண்ணு. வலிக்காம என்ன? விரலு நொனியெல்லாம் ஊசி குத்துற மாதிரி இருக்கும், அப்புறம் ஒண்ணுமே தெரியாது. இதுல வேடிக்க என்னன்னா, எனக்குக் காலே குளிராது. நெசமாத்தான். பொறந்ததுலேருந்து அப்படி. காலு நெருப்பு மாதிரி கொதிக்கும். உறைபனி கொட்டுற அன்னைக்கும் கம்பளிக்கு வெளிய நீட்டிக்கிட்டுத்தான் படுப்பேன். இப்பக்கூடப் பாரு, ஜூலை மாசம், சிமெண்டுத் தரையில வெறுங்கால வச்சு உக்காந்திருக்கேன். நீ வந்ததுலேருந்து இதக் கவனிக்கவே இல்லையா? வரலாறு படிச்சவதானே நீ.

சிரிக்காத, பதில் சொல்லு. என் காலு என்ன நம்பர் இருக்கும்? ஒன்பது. ஒன்பதுலயும் விரலு இடிக்கும். எங்க அப்பா வாத்துக்காலி வாத்துக்காலின்னுதான் கூப்பிடுவாரு. இப்ப உன் மடியில வச்சிருக்கியே வரலாறு, அத இந்தப் பக்கம் குடு. கையுறைய விடு, குடு. பாத்தியா? என் பெருவிரலோட நின்னு போச்சு. மிச்சக் காலு எங்க போகும்? அது அஞ்சாம் நம்பரு.

ஆமா. மிஷினு ஓடட்டும். நிறுத்துனா நான் பேச மாட்டேன்.

கோரலோடது. என் தங்கச்சி. என்னவிட மூணு வயசு சின்னவ, பூனைக்குட்டி மாதிரி இருப்பா. அவளுக்குத்தான் குளிரும். குளிர்காலம் வந்தா கால் விரலெல்லாம் செவந்து வீங்கி வெடிச்சு, அரிப்பு தாங்காம அழுவா. அந்த வருசம் ஆலை ஆபீசுல டைப்படிக்கிற வேலை கெடச்சுதுன்னு எங்க வீட்டுலதான் வந்து தங்கியிருந்தா. பின் வராந்தாவுல துணி கட்டி மறச்சு ஒரு கட்டில். அப்ப நான் மாசமா இருந்தேன்.

புள்ள இல்லையான்னா கேக்குற? இல்ல. அதத்தானே சொல்ல வர்றேன்.

மொத பேறு. என் மாமியாரு ஊருல ஒரு வழக்கம், தொட்டில்ல ஆட்டுக்குட்டித் தோலு விரிச்சுத்தான் புள்ளையப் போடுவாங்க. கோடையில வேர்க்காது, குளிருல விறைக்காது. ஆலையில வந்த தோலுலயே நல்லதா ஒண்ணப் பொறுக்கி, நான்தான் சீப்பு போட்டு வாரி வச்சிருந்தேன். வெள்ளைன்னா வெள்ளை. பாலு நுரை மாதிரி. ஜூன் மாசம் நாள் வர்றதுக்கு முன்னாடியே வலி எடுத்துருச்சு. ஜீலாங் ஆஸ்பத்திரி. பொம்பளப் புள்ள. அழல. அப்பல்லாம் தாய்கிட்டக் காட்டமாட்டாங்க கண்ணு, மறந்துடுவோம்னு நெனப்பு. துணியில சுத்தி அந்தப் பக்கமா கொண்டு போனாங்க. அவ கால மட்டும்தான் பாத்தேன், துணிக்கு வெளிய நீட்டிக்கிட்டிருந்துச்சு. என்ன மாதிரியே, பெரிய காலு.

வேணாம், எனக்கு எதுக்குக் கைக்குட்டை? நீ தொடச்சிக்க.

பாலு கட்டிக்கிட்டு மாரு ரெண்டும் கல்லாட்டம். முட்டைக்கோஸ் இலைய வச்சுக் கட்டிவிட்டாங்க. இவரு ஒரே ஒரு தடவ வந்தாரு. தொப்பியக் கையில வச்சு சுத்திக்கிட்டே நின்னுட்டு, ஆலையில வேலை ஜாஸ்தின்னுட்டுப் போயிட்டாரு. பத்து நாளு கழிச்சு நானே பஸ் புடிச்சு வீட்டுக்கு வந்தேன். கதவத் தட்டுனேன். கோரல் தெறந்தா. கால்ல இது.

அதான் கண்ணு. இதேதான். வெளிய பழுப்பா சாயம் ஏத்தியிருந்தாரு. வாய்ப்பக்கம் மடிப்புல வெள்ளையா கம்பளி எட்டிப் பாத்துச்சு. எனக்குத் தெரியாதா, நான் வாரி வச்சது. ஒரு குட்டித் தோலுல அஞ்சாம் நம்பருக்கு மேல வராது, அதையும் தெரிஞ்சிக்க. பெரிய கால்காரிக்கு அதுல ஒண்ணும் பண்ண முடியாது.

ஆமா, புள்ள போனதுக்கு அப்புறந்தான் வெட்டியிருக்காரு. இனிமே தொட்டிலுக்கு எதுக்குன்னு நெனச்சிருப்பாரு. சிக்கனமான மனுசன்.

என்ன பண்ணேனா? அவகிட்டக் கழட்டுன்னேன், கழட்டுனா. அழுதா. அத்தான் கால் வெடிப்பப் பாத்துப் பரிதாபப்பட்டுத் தச்சுக் குடுத்தாரு அக்கா, வேற ஒண்ணும் இல்லக்கா, என் கால மடியில வச்சு நூலால அளவெடுத்தாரு, அவ்வளவுதான்க்கான்னா. அவ்வளவுதானாம். ஒரு வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன், என் காலு எம்மாம் பெருசுன்னு அந்த மனுசனுக்குத் தெரியாது. இவ கால நூல் போட்டு அளந்திருக்காரு. அந்த வாரமே அவள பல்லாரட் ஊருக்கு ரயிலேத்தி விட்டேன். வெறும் காலுல லேசுச் செருப்பு, வெளிய உறைபனி. பிளாட்பாரத்துல ஒரு கால மாத்தி ஒரு காலத் தூக்கிக்கிட்டு நின்னா. பாத்துக்கிட்டே நின்னேன், ரயிலு வர்ற வரைக்கும். நல்லா இருந்துச்சு எனக்கு. அதுல பொய்யென்ன?

இவர நான் ஒண்ணும் கேக்கல. போறதுக்கு எனக்கு எடம் ஏது? பூட்ஸத் தூக்கி அடுப்புக்கு மேல அலமாரியில வச்சேன். அவரு சாப்பிட உக்காந்தா நேரா கண்ணுல படுற மாதிரி. அதப் பாத்துக்கிட்டே சாப்பிட்டாரு. எடுன்னும் சொல்லல, தூக்கிப் போடுன்னும் சொல்லல. அப்படியே ஒரு மாசம் போச்சு. ஒரு நாளு ஆலை மேனேஜரு வீட்டுக்கு வந்தவரு, அதென்னப்பா கிளெம், அழகா இருக்கேன்னு கையில எடுத்துட்டாரு. நான் கறி வெட்டிக்கிட்டிருந்தேன். கத்திய அப்படியே நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்தேன், இவரு வாயிலேருந்து என்ன வருதுன்னு. ஒரு கணம் கூட யோசிக்கல கண்ணு. என் வெர்னாவுக்குக் கால் குளிருமேன்னு தச்சேங்கன்னாரு. மேனேஜரு என்னைப் பாத்து, குடுத்து வச்சவம்மா நீன்னாரு.

நான் தலைய ஆட்டுனேன்.

அவ்வளவுதான், அன்னைக்கே கத பொறந்துருச்சு. மேனேஜரு தன் பொண்டாட்டிக்கு ஒண்ணு கேட்டாரு, அப்புறம் அவரு தம்பி, அப்புறம் நீ எழுதப் போற மிச்சம் எல்லாம். டப்பாவுல படம் போட ஒரு ஓவியரு வந்தாரு, அடுப்புக்கு முன்னாடி ஒரு பொம்பள கால நீட்டிக்கிட்டிருக்குற மாதிரி. அந்தாளு என் காலப் பாத்துத்தான் வரஞ்சாரு. இவரு பக்கத்துல நின்னுக்கிட்டு, இன்னும் கொஞ்சம் சின்னதாப் போடுங்க, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நான் அங்கதான் உக்காந்திருக்கேன், கால நீட்டிக்கிட்டு. அப்ப வரைக்கும் சின்னப் பரிதாபமோ என்னமோன்னு நெனச்சுத் தேத்திக்கிட்டிருந்தேன். அந்தப் படம் முடிஞ்சப்ப பாத்தேன், கணுக்கால் எலும்பு வளைவு மொதக்கொண்டு கோரல் காலு. அவ காலு முன்னால இல்லாமலே, ஞாபகத்துலேருந்தே சொல்லிச் சொல்லி வரைய வச்சிருக்காரு. வீட்டுல கடையில லாரியில, எங்க திரும்புனாலும் அதான். மேல என் பேரு, கீழ அவ காலு.

அழகு என்ன அழகு? நீ வேற. உனக்குக் காதலு கீதலுன்னு தோணுதாக்கும். காதலா இருந்தா அவளக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கலாமே. ரயிலேத்துனப்ப பின்னாடியே ஓடியிருக்கலாமே. ஓடல. மறுநாளு காலையில முட்ட கேட்டாரு, ரெண்டு. இத்தன வருசத்துல அவ பேர வாயால எடுத்ததில்ல. அதனாலதான் எனக்கு அந்த வேதனை தீராம போச்சு. வாய்விட்டுச் சண்ட போட்டிருந்தா ஒரு மழையோட போயிருக்கும். இந்தாளு என்ன நெனச்சாரு, ஒண்ணும் நெனைக்கலையா, வெறும் வெடிச்ச காலுக்குத் தோலா, இல்ல வேறயா? எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

கோரலும் கல்யாணம் பண்ணிக்கல. பல்லாரட்டுலயே ஒரு பள்ளிக்கூட ஆபீசுல டைப்படிச்சுக் காலத்தத் தள்ளுனா. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். அவ்வளவுதான் உறவு. இவருக்குப் பக்கவாதம்னு கேள்விப்பட்டு வந்து நின்னா பாரு, தல முழுக்க நரைச்சு. நான் உள்ள விட்டேன். ஏன்னு கேக்காத. அப்புறம் ஒண்ணுவிட்டு ஒரு ஞாயித்துக்கெழம ரயிலேறி வருவா. அவர் பக்கத்துல உக்காந்து ஃபுட்பால் ஸ்கோரு படிப்பா. ஜீலாங் டீமு ஜெயிச்சுதுன்னா எடது கையால மெத்தைய ரெண்டு தட்டு தட்டுவாரு. நான் இங்க அடுப்படியில நின்னு கேப்பேன். எங்கிட்ட ஒரு நாளும் தட்டுனதில்ல. நான் அந்த ரூமுக்குள்ள கால வச்சாலே கண்ண மூடிக்குவாரு. சோறு ஊட்டும்போதும் மூடித்தான். குளிப்பாட்டும்போதும் மூடித்தான். ரெண்டு வருசமா எமையத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்.

சரி, உன் டீ ஆறிப் போச்சு. வேற போடட்டா?

என்னது? ஓ, கோரல்கிட்டயும் ஒரு வார்த்த கேக்கணுமா? அவ தரப்பும் இருந்தாத்தான் முழுசா இருக்கும், அப்படியா? நல்லாப் படிச்சிருக்க. ஆனா முடியாதே கண்ணு. அவ செத்துப் போயிட்டா. ஏப்ரல்ல. பெருசா ஒண்ணும் இல்ல, நெஞ்சுச் சளி, கவனிக்காம விட்டுட்டா, பல்லாரட் ஆஸ்பத்திரியில ஒரு வாரம் கெடந்தா. வேற யாரு இருக்கா, நான்தான் போயி அடக்கம் பண்ணிட்டு வந்தேன். கால்ல ரெண்டு கம்பளிக் காலுறை மாட்டிவிட்டேன்.

உக்காரு, உக்காரு, பயப்படாத. கட்டில் கம்பி அது. எடது கையால அடிக்கிறாரு.

ம். நல்லாவே அடிக்கிறாரு.

அவருக்குத் தெரியாது. இப்பத்தான் தெரியும்.

ஏன் என்னை அப்படிப் பாக்குற? நீதானே கேட்ட, நான் பதில் சொன்னேன். ஞாயித்துக்கெழமையானா ஜன்னலையே பாத்துக்கிட்டுக் கெடப்பாரு. ரயில் ஓடலைன்னு சொன்னேன். மழைன்னு சொன்னேன். அவளுக்கு முட்டி வலின்னேன். ஒரு வாரம், யாரோ ஒரு கெழவரோட கடற்கரைக்குச் சுத்தப் போயிருக்காளாம்னு கூடச் சொன்னேன். எல்லாத்துக்கும் அதே மூடுன கண்ணு. இதையும் நான் போயிச் சொன்னா மூடிக்கிட்டுத்தான் கேப்பாரு. அப்ப அவரு மனசுல என்னன்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்க மியூசியத்துலேருந்து எத்தன தடவ கேட்டீங்க, அந்த பூட்ஸக் குடுங்க குடுங்கன்னு. முடியாது முடியாதுன்னே சொல்லிக்கிட்டிருந்தேன். இப்ப நானா போனப் போட்டு வரச் சொன்னேனே, எதுக்குன்னு நெனச்ச? வரலாறுக்கா?

எந்திரி. உன்னைப் பாத்தா மூட மாட்டாரு, வெளியாளுங்கள நல்லா முழிச்சுப் பாப்பாரு. போயி அவரு மொகத்தப் பாத்துட்டு வந்து எங்கிட்டச் சொல்லு. வலது கண்ணு வேணாம், அது எமை தொங்கிப் போயி எப்பவும் ஒழுகிக்கிட்டேதான் இருக்கும், அது கணக்குல சேராது. எடது கண்ணு. ஈரமா இருக்கா, காஞ்சு கெடக்கா, அவ்வளவுதான் வேணும். ஈரம்னா ஈரம்னு சொல்லு, நான் தாங்கிப்பேன். காஞ்சு கெடந்தா அதையும் மறைக்காமச் சொல்லு. காஞ்சு கெடந்துச்சுன்னா நாங்க அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ஒண்ணுமில்லாததுக்குப் பாழாப் போயிருக்கோம்.

முடியாதுன்னா? பூட்ஸு வேணும்ல உனக்கு? அப்ப போ.

சீக்கிரம் போ கண்ணு. தொடச்சிக்கப் போறாரு, எடது கை நல்லாத்தான் இருக்கு.